தினம் வருகிற விருந்தாளி

ஜனவரி 9

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் தங்கை எழுதுகிறேன். நானும் சிட்டுவும் சுகம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? அண்ணி சொன்னபடி நாற்காலியில் தலையணை வைத்துக்கொள்கிறாயா, இல்லை இன்னும் வீரம் பேசிக்கொண்டிருக்கிறாயா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ பேச்சை மாற்றிவிடுகிறாய். காகிதத்தில் நான் முடிக்கிற வரைக்கும் நீ குறுக்கே பேச முடியாது.

விஷயம் என் வீட்டுக்காரரைப் பற்றித்தான், அதாவது உன் மாப்பிள்ளையைப் பற்றி. உன் கம்பெனியில் லாரி ஓட்டச் சேர்ந்து அவருக்கு இந்த மாதத்தோடு பதினோரு மாதம். சேரும்போது நீ என்ன சொன்னாய்? “ஆறு மாசம் வெளியூர் லைன் ஓட்டட்டும். அப்புறம் உங்க ஊர்க் கிளையிலயே உள்ளூர் லைன் போட்டுத் தர்றேன். காலைல போனா சாயங்காலம் வீடு.” ஆறு போய் இன்னொரு ஐந்தும் போய்விட்டது.

போன வாரம் வந்தார். இருபத்து நான்கு நாளுக்குப் பிறகு இரண்டு நாள். முதல் நாள் முழுக்கத் தூக்கம். சிட்டு பாடப் புத்தகத்தைக்கூடச் சத்தம் வராமல் புரட்டினாள். இரண்டாம் நாள் எழுந்து உட்கார்ந்தார். கண் திறந்திருந்தது, ஆனால் பார்வை மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. எதிரே இருக்கிற சுவர் நகர்ந்து போவதுபோல அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் தையல் கடையில் நாள் முழுக்க ஊரார் சட்டைகளைப் பிரித்தும் பிடித்தும் தைக்கிறேன். அவருக்கென்று நீலத்தில் ஒரு சட்டை தைத்து வைத்திருந்தேன், பழைய அளவுக்கு. வயிற்றுப் பக்கம் இரண்டு பொத்தான் பூட்டவில்லை. உட்கார்ந்தே ஓட்டி உடம்பு மாறியிருக்கிறது. இரண்டு பேரும் சிரித்தோம். அவர் போன பிறகு தையலைப் பிரிக்க உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. ஊரில் இருக்கிற ஆம்பிளை அளவெல்லாம் எனக்கு மனப்பாடம், அண்ணா.

உள்ளூர் லைன் போட்டுக் கொடு. வேறொன்றும் கேட்கவில்லை. அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை

*

ஜனவரி 23

அன்புத் தங்கைக்கு,

கடிதம் வந்தது. இங்கே எல்லாரும் நலம். தலையணை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன், அண்ணி சாட்சி.

நீ கேட்டது நியாயம். ஆனால் என் நிலைமையையும் கொஞ்சம் கேள். டிரைவர்களை வேலைக்கு எடுக்கிறவன் என்று என் அறைக் கதவில் பலகை தொங்குகிறது. வருகிறவர்களைவிட அதே கதவு வழியாகப் போகிறவர்கள்தான் அதிகம். எங்கள் ஷெட்டில் முப்பத்தொரு லாரி. ஓட்ட ஆள் இருப்பது இருபத்திரண்டுக்கு. மீதி ஒன்பதும் சும்மா நிற்கின்றன. டயரைச் சுற்றிப் புல் முளைத்திருக்கிறது. ஒரு வண்டியில் சீட்டுக்கு அடியில் பூனை நான்கு குட்டி போட்டிருக்கிறது. அந்த வண்டிக்கு டிரைவர் கிடைத்தாலும் எடுக்க முடியாது, காவலாளி பூனை கட்சி.

போன மாதம் ஏழு பேர் சேர்ந்தார்கள், ஐந்து பேர் போய்விட்டார்கள். ஒருவன் வந்தான் பார், நாங்கள் எல்லாரும் திணறுகிற சின்ன வாசலில் அவ்வளவு பெரிய வண்டியை ஊசியில் நூல் கோர்ப்பதுபோல் பின்னால் நுழைத்தான். இறங்கி வந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். “சார், மாசத்துல எத்தனை நாள் வீட்ல இருக்கலாம்?” இரண்டு நாள் என்றேன். யாரோ தூங்குவதுபோல சாவியை மெதுவாக மேசையில் வைத்தான். “நல்ல வண்டி சார்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

இன்னொருவர் ஒரு தொழிற்சாலை வாசலில் லோடு இறக்க இரண்டு நாள் காத்திருந்தார். நிழல் இல்லை, கழிப்பறை இல்லை. மூன்றாம் நாள் எனக்குப் போன் வந்தது. “வண்டி கேட்டுல இருக்கு சார். நான் பஸ்ல இருக்கேன்.”

இந்த லட்சணத்தில் மாப்பிள்ளையை வெளியூர் லைனிலிருந்து எடுத்தால் எனக்குக் கை ஒடிந்த மாதிரி. உள்ளூர் லைன் இப்போதைக்குக் காலி இல்லை. கொஞ்சம் பொறு.

சிட்டுவுக்கு மாமாவின் முத்தம்.

அண்ணன்

*

பிப்ரவரி 18

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம். சிட்டுவுக்கு இரண்டு நாள் காய்ச்சல் இருந்து இறங்கிவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை. நீங்கள் இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். பூனை கட்சி நன்றாக இருந்தது. ஆனால் சிரிக்க வைத்து அனுப்பிவிடுகிற உன் வித்தை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

அவர் இந்த மாதமும் வந்து போனார். மழை நாள். வீட்டுக்குள் வெளிச்சமே இல்லை, தண்ணீருக்கு அடியில் இருக்கிற மாதிரி இருந்தது. மேசையில் கை வைத்தபடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிட்டு பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெரிய படம் வரைய வேண்டும். காகிதச் சுருளோடு பக்கத்தில் வந்து நின்று, “அப்பா, நீங்க எப்ப கிளம்புவீங்க?” என்றாள். மேசை எப்போது காலியாகும் என்று அவளுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். “இதோ” என்று எழுந்து மேசையைத் துடைத்துக் கொடுத்தார். மறுநாள் சாயங்காலம் போக வேண்டியவர், காலையிலேயே கிளம்பிவிட்டார். அவசர லோடு என்று நீ கூப்பிட்டாயாம். அவ்வளவு அவசரம் என்ன அண்ணா?

இன்னொன்று. இங்கே உங்கள் கம்பெனிக் கிளையில் மருந்துப் பெட்டி ஏற்றிப் போகிற உள்ளூர் வண்டிக்காரர் வேலையை விட்டு ஒரு மாதம் ஆகிறதாம். எங்கள் தெரு மருந்துக்கடைக்காரரே சொன்னார். “தினம் ஒரு புது மூஞ்சிம்மா. மாத்திரையைவிட டிரைவருக்குத்தான் தட்டுப்பாடு.” அப்படியானால் லைன் காலியாகத்தானே இருக்கிறது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறாயா?

நேராகப் பதில் எழுது.

தங்கை

*

மார்ச் 15

அன்புத் தங்கைக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். சிட்டுவின் காய்ச்சல் திரும்ப வரவில்லையே? அண்ணி கவலைப்படுகிறாள்.

இங்கே வேலை தலைக்கு மேல். முதலாளி எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, “ஏன் யாருமே நிக்க மாட்டேங்கறாங்க?” என்று கேட்டார். சம்பளம் ஏற்றிப் பார்த்தாகிவிட்டது. டிரைவர்கள் ஓய்வெடுக்கிற அறையில் தேநீர் போடும் இயந்திரம் வைத்தோம், பெரிய நாற்காலி வாங்கிப் போட்டோம். அந்த நாற்காலியில் ஒரு பழைய டிரைவர் உட்கார்ந்து பார்த்தார். முதலாளி ஆசையாக, “எப்படி இருக்கு?” என்றார். “நல்லா இருக்குங்க. இதை என் வீட்ல போட்டா இன்னும் நல்லா இருக்கும்” என்றார் அவர். அடுத்த வாரம் அவரும் விட்டுவிட்டார்.

மருந்து வண்டி விஷயம். அது காலிதான். ஆனால் அதற்கு வேறு சில ஏற்பாடுகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் எழுத முடியாது. மாப்பிள்ளையை வெளியூர் லைனில் வைத்திருப்பது நான்தான். திட்ட வேண்டுமென்றால் என்னைத் திட்டு. அவரிடம் ஒன்றும் கேட்காதே, களைத்து வருகிற மனிதர்.

அண்ணன்

*

மார்ச் 22

அண்ணா,

சுகம் விசாரிக்க மனம் வரவில்லை. நலமாகத்தான் இருப்பாய்.

நல்ல டிரைவர் என்று கண்டுபிடித்து, தங்கை வீட்டு ஆள் என்பதால் கேட்க நாதியில்லை என்று, ஓட ஓட விரட்டுகிறாய். வேற்று ஆளாக இருந்தால் உன் மேசையில் சாவியை வைத்துவிட்டுப் போயிருப்பார். இவர் உன் முகத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுகிறார். சிட்டு கேட்டாள், அப்பா ஏன் தினமும் வீட்டுக்கு வருவதில்லை என்று. மாமா விடமாட்டேன் என்கிறார் என்று சொன்னேன். உண்மையைத்தானே சொன்னேன்.

அவர் சாயங்காலம் வீடு திரும்புகிற வேலை கிடைத்தால் எழுது. அதுவரை எழுதாதே.

*

ஏப்ரல் 25

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இந்தக் கடிதத்தை நீங்கள் அடுத்து லோடு ஏற்றப் போகிற கிளைக்கு அனுப்புகிறேன். ரசீது கொடுக்கிற ஜன்னலில் இருக்கிற பெண் உங்கள் கையிலேயே கொடுப்பாள். உடம்பு எப்படி இருக்கிறது? கண் எரிச்சலுக்கு மருந்து போடுகிறீர்களா?

என்னால் இனி முடியவில்லை. நவம்பரில் உள்ளூர் லைன் வேண்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றீர்கள். ஜனவரியில் மருந்து வண்டி காலியானதும் முதல் போன் உங்களுக்குத்தான் செய்தேன். பிப்ரவரியில் மறுபடி கேட்டேன், அன்றைக்கு ‘மச்சான், ஏதாவது லோடு இருந்தா கொடுங்க, இப்பவே கிளம்பறேன்’ என்றீர்கள். விடுப்பில் வீட்டில் இருந்த மனிதர். தங்கையிடம் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டீர்கள். சொல்லவில்லை.

இப்போது அவள் என்னோடு பேசுவதில்லை. போன் செய்தால் சிட்டு எடுத்து, “அம்மா குளிக்கறாங்க” என்கிறாள். காலை பத்து மணிக்கும் குளியல், மாலை ஐந்து மணிக்கும் குளியல். போன தடவை, “மாமா, எங்கப்பாவை எப்ப விடுவீங்க?” என்றாள். நான் போனை வைத்துவிட்டேன்.

காரணம் என்ன என்று நான் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

அன்புடன்,
மச்சான்

*

மே 17

மச்சானுக்கு வணக்கம்.

நான் நலம். உங்கள் வீட்டு அக்காவையும் உங்களையும் நினைத்துக்கொள்கிறேன். கடிதத்தை நான்கு நாள் சட்டைப் பையில் வைத்திருந்தேன். எழுதிப் பழக்கமில்லை. லோடு ரசீதின் பின்பக்கம் எழுதுகிறேன், மன்னிக்கவும். வெயிலில் வரிசையில் நிற்கிறேன். எனக்கு முன்னால் பதினேழு வண்டி.

வேறு பெண், குடி என்று ஒன்றும் இல்லை. அப்படி ஏதாவது இருந்தால் சொல்லச் சுலபமாக இருந்திருக்கும்.

ஆரம்பத்தில் ஒவ்வொரு நாளும் வீட்டு நினைப்புதான். ஓட்டும்போது முன் கண்ணாடியில் ரோடு ஓடும், அதற்கு மேலே வீடு ஓடும். அந்த வீட்டில் நான் குழாய்க்கு வாஷர் மாற்றுவேன். சிட்டு சைக்கிள் ஓட்டப் பின்னால் பிடித்துக்கொண்டு போவேன். உங்கள் தங்கை துணி மடித்துக்கொண்டே ஏதாவது சொல்லிச் சிரிப்பாள். இங்கே மழை பெய்தால் அங்கேயும் பெய்யும். நூறு கிலோமீட்டர் போனதே தெரியாது.

பிறகு நிஜமாகவே வீட்டுக்குப் போவேன். குழாயை யாரோ சரிசெய்து மூன்று வாரம் ஆகியிருக்கும். சிட்டு தானாகவே சைக்கிளில் தெருக்கோடி வரை போய்வருவாள். அவர்கள் இருவரும் பாதி வார்த்தையில் பேசிக்கொள்வார்கள், மீதிப் பாதி எனக்குப் புரியாது. கோபமில்லை மச்சான். அவர்கள் நன்றாக இருக்கிறார்கள். நான் இல்லாமல் நன்றாக இருக்கிறார்கள்.

பிப்ரவரியில் சிட்டு எப்ப கிளம்புவீங்க என்று கேட்டாள். மேசை வேண்டும் என்று கேட்டாள். குழந்தை. ஆனால் அந்தக் கேள்வி என்னோடு வண்டியில் ஏறிக்கொண்டது, இறங்க மாட்டேன் என்கிறது.

உள்ளூர் லைன் எடுத்தால் தினமும் போக வேண்டும். மாதம் இரண்டு நாள் போகிறவனை விருந்தாளி என்று சொல்லலாம். தினமும் போயும் ஒட்டவில்லை என்றால் அதற்கு என்ன பெயர்? அதற்குத்தான் பயம். இருபது டன் ஏற்றிக்கொண்டு மலை இறங்கும்போதுகூட அந்தப் பயம் வந்ததில்லை. நினைப்பில் இருக்கிற வீடாவது எனக்கு மிச்சம் இருக்கட்டும் என்றுதான் ஓடிக்கொண்டிருக்கிறேன்.

சொல்ல வேண்டாம். நீங்கள் திட்டு வாங்கினால் அண்ணன் தங்கை நாளைக்குச் சேர்ந்துகொள்வீர்கள்.

வண்டி நகர்கிறது.

*

மே 24

தங்கைக்கு,

எழுதாதே என்றாய். நீ கிழித்துப் போடுவதற்கு முன்னால் இந்த ஒரு பக்கத்தை மட்டும் படி. சிட்டுவுக்குக் கோடை விடுமுறை இன்னும் முடிந்திருக்காதே, நலமா?

உள்ளூர் லைனை மாப்பிள்ளைக்கு நான் மறுக்கவில்லை. மூன்று தடவை கொடுத்தேன். அவர்தான் வேண்டாம் என்றார். அதைச் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார், நானும் மென்று முழுங்கிவிட்டேன். ஏன் வேண்டாம் என்றார் என்பதை எனக்கு எழுதியிருக்கிறார். அந்தக் கடிதத்தை உனக்கு அனுப்பமாட்டேன். நீ பயப்படுகிற மாதிரி எதுவும் இல்லை, அது மட்டும் சொல்கிறேன். மீதியை அவர் வாயால் கேள்.

வீட்டில் கேட்டால் சொல்லமாட்டார். ஜூன் 5, வெள்ளிக்கிழமை விடியற்காலை அவர் வண்டி உங்கள் ஊர் வழியாகப் போகிறது. போய்த் திரும்ப நான்கு நாள். கேபினில் ஒரு சீட்டும் பின்னால் ஒரு படுக்கையும் காலி. நீயும் சிட்டுவும் ஏறிக்கொள்ளுங்கள். வெளியாட்களை ஏற்றக்கூடாது என்று கம்பெனி விதி இருக்கிறது. அதை எழுதியவன் நான், ஒரு தடவை அழித்துக்கொள்கிறேன்.

அவருக்கு இன்னும் தெரியாது. தெரிந்தால் வேறு வழியாகப் போய்விடுவார்.

அண்ணன்

*

ஜூன் 14

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமாக வந்து சேர்ந்தோம். நீயும் அண்ணியும் நலமா? இதை எழுதும்போதும் நாற்காலி லேசாக ஓடுகிற மாதிரி இருக்கிறது. சிட்டு சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து காட்டிச் சிரிக்கிறாள்.

பெட்ரோல் பங்க் முன்னால் பையோடு நின்ற எங்களைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறி இறங்கினார். “யாருக்கும் ஒண்ணும் ஆகலை. நாங்க வர்றோம்” என்றேன். அவ்வளவு உயரத்தில் ஏறத் தெரியவில்லை. எந்தக் கம்பியைப் பிடிக்க வேண்டும், எங்கே கால் வைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டியிருந்தது. துண்டை எங்கே மாட்டுவது, செருப்பை எங்கே விடுவது, எல்லாம் கேட்டுக் கேட்டுத்தான். வீட்டில் வாயைத் திறக்காத மனிதர் அங்கே வாய் ஓயாமல் பேசினார். எந்தத் தேநீர்க் கடைக்காரருக்குக் காது கேட்காது, எந்தப் பாலம் தாண்டினால் காற்று மாறும் என்று அத்தனையும் தெரிந்திருந்தது. சிட்டு வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

மூடுபனியில் ஒரு காலை முழுக்கப் போனோம். வண்டி நிற்கிறது, மரங்கள்தான் ஒவ்வொன்றாக எங்களைப் பார்க்க வந்து போகின்றன என்று தோன்றியது.

தொழிற்சாலை வாசலில் காலை ஆறு மணியிலிருந்து சாயங்காலம் ஐந்து வரைக்கும் நின்றோம். சிட்டுவுக்கு அவசரம். வாசல்காரர், “டிரைவருங்களுக்கு உள்ள அனுமதி இல்லை” என்றார். “இவ டிரைவர் இல்ல, நாலாங்கிளாஸ்” என்றேன். விட்டார். உள்ளே போய்ப் பார்த்தால் பத்துக் கழிப்பறை, பத்தும் காலி. திரும்பி வந்து அவரைப் பார்த்தேன், வண்டி நிழலில் குந்தி உட்கார்ந்திருந்தார். ஒரு வருஷமாக அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார். என்னிடம் ஒரு தடவையாவது சொன்னதுண்டா?

மூன்றாம் நாள் பகலில் மழை. சிட்டு பின்னால் தூங்கிவிட்டாள். நான் பாதித் தூக்கத்தில் இருந்தேன். “குழாய்ல தண்ணி வருதா?” என்று அவர் கேட்டது காதில் விழுந்தது. “வருது” என்றேன். தூக்கிவாரிப் போட்டது அவருக்கு.

“யாரைக் கேட்டீங்க?”

வைப்பரை இன்னும் வேகமாக ஓடவிட்டுச் சொன்னார். “உன்னைத்தான்.”

“நான் இங்க இருக்கேனே.”

“பழக்கம். நீ இல்லாதப்ப உன்கிட்டப் பேசிப் பேசி வந்த பழக்கம்.”

“அவ என்ன சொல்லுவா?”

“எல்லாத்துக்கும் சரிம்பா.”

“அப்ப அது நான் இல்ல.”

சிரித்தார். சிரித்துக்கொண்டே ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டார். பிறகு எல்லாம் சொன்னார், உனக்கு எழுதியதெல்லாம். நான் அழவில்லை. அண்ணனோடு இரண்டு மாதம் பேசாமல் இருந்தேனே என்றேன். “தெரியும். அதுதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு” என்றார்.

“தினமும் வந்தும் ஒட்டலைன்னா என்ன பண்றது?” என்று கேட்டார், சிட்டு மாதிரி.

“ஒட்டற வரைக்கும் தினம் வர்ற விருந்தாளியா இருங்க. யாரு விரட்டப் போறா” என்றேன்.

மழை விடும் வரை அங்கேயே நின்றோம். லோடு தாமதம் என்று யாராவது புகார் சொன்னால் அது என் கணக்கு.

அண்ணா, மார்ச்சில் எழுதியதை நினைத்தால் எனக்கே கூசுகிறது. அண்ணியிடமும் சொல்.

தங்கை

*

ஜூலை 20

அன்புத் தங்கைக்கு,

நலம். கூச வேண்டாம். உன்னிடம் நான் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அவர் உள்ளூர் லைனை மறுத்தது எனக்கு வசதியாகவும் இருந்தது. நல்ல டிரைவர், தொலைதூரம் ஓட்டுகிறார், ஏன் என்று கேட்டால் நின்றுவிடுவாரோ என்று கேட்காமல் இருந்தேன். ரகசியம் காத்தேன் என்று என்னையே மெச்சிக்கொண்டேன். இதைச் சொல்லாவிட்டால் இந்தக் கடிதமும் பொய்யாகிவிடும்.

மாப்பிள்ளை போன வாரம் வந்து மருந்து வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டார். ஆக இங்கே இப்போது பத்து வண்டி நிற்கிறது.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். “சொந்தக்காரன்னு சலுகையா?” என்றார். இல்லை, எல்லாருக்கும் இதைக் கொடுக்கலாம் என்றேன். தூர லைனைப் பாதியில் வெட்டலாம். இந்தப் பக்கத்து டிரைவர் பாதி வழி போய் வண்டியை மாற்றிக்கொண்டு திரும்பட்டும், அந்தப் பக்கத்து ஆள் மீதியை ஓட்டட்டும். இரண்டு பேரும் மறுநாள் வீட்டில் இருப்பார்கள். “செலவு கூடுமே” என்றார். “நிக்கற வண்டிக்கு என்ன செலவுன்னு யாரும் பாக்கலையே” என்றேன். எழுந்து போய் ஜன்னல் வழியாக ஷெட்டைப் பார்த்தார். வெயில், புல், அசையாத பத்து வண்டி. பிறகு இரண்டு லைனில் மட்டும் செய்து பார் என்றார்.

பழைய டிரைவர்களுக்கு எழுதினேன். ஒருவர் திரும்பி வந்தார். இன்னொருவர் வந்தார், தேநீர் குடித்தார், யோசிக்கிறேன் என்று போனார். தொழிற்சாலை வாசல்கள் இன்னும் அப்படியேதான் இருக்கின்றன. ஒரே நாளில் எல்லாம் மாறிவிட்டது என்று எழுதினால் நீ நம்பமாட்டாய்.

மாப்பிள்ளை வீட்டில் எப்படி இருக்கிறார்? அதை எழுது.

அண்ணன்

*

ஆகஸ்ட் 30

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே மூன்று பேரும் சுகம். மூன்று பேர் என்று எழுதும்போது பேனா ஒரு நொடி நின்று போகிறது. அண்ணிக்குப் பல்வலி என்று கேள்விப்பட்டேன், தள்ளிப் போடாமல் காட்டச் சொல்.

பதில் எழுத ஏன் இவ்வளவு நாள் என்று கேட்பாய். என்ன எழுதுவது என்று எனக்கே தெரியவில்லை.

முதல் நாள் ஆறு மணிக்கெல்லாம் மருந்து வண்டி எதிர்ப்பக்கம் வந்து நின்றது. நானும் சிட்டுவும் ஜன்னலில். அவர் இறங்கவில்லை. விளக்கை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். பத்து நிமிஷம், இருபது நிமிஷம். “அப்பா ஏன் இறங்கலை?” என்றாள் சிட்டு. “இன்னும் வந்து சேரலை” என்றேன். நாற்பது நிமிஷம் கழித்து வந்தார், கை கழுவினார், சாப்பிட்டார், நல்ல சாப்பாடு என்றார். அசல் விருந்தாளியேதான்.

மறுநாளும் அப்படி. அடுத்த வாரமும் அப்படி. சில நாள் கால் மணி, சில நாள் முக்கால் மணி. நான் கூப்பிடவில்லை. விருந்தாளியாகவே இருக்கட்டும், அவசரப்படுத்தமாட்டேன் என்று வார்த்தை கொடுத்திருக்கிறேன் அல்லவா. ஆனால் ஜன்னலில் நிற்கும்போது, தொலைதூரத்தில் இருந்தபோது இருந்ததைவிட அவர் தூரமாகத் தெரிந்தார். உன்னைக் கூப்பிட்டு, திரும்ப அவரை வெளியூருக்கே அனுப்பிவிடு என்று சொல்ல இரண்டு தடவை போனைக் கையில் எடுத்தேன்.

மூன்றாவது வாரம் சிட்டு வீட்டுப்பாட நோட்டை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டாள். வண்டிக் கதவைத் தட்டி, ஏறி, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். என்ன பேசினார்கள் என்று தெரியாது. கணக்கு மட்டும் முழுக்கச் சரியாக இருந்தது, மூன்றே மூன்று அடித்தலோடு. அதிலிருந்து தினமும் அவள் அங்கேதான். இரண்டு பேரும் பாதி வார்த்தையில் பேசிக்கொண்டே படி ஏறி வருவார்கள்.

நேற்று மழை. குடை எடுத்துக்கொண்டு அவர்களை அழைத்துவரப் போனேன். “நீயும் ஏறும்மா” என்றாள் சிட்டு. ஏறினேன். மூன்று பேரும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். வண்டிக்குள் மருந்துப் பெட்டி வாசனை. கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது, அதற்குள்ளே எங்கள் வீட்டு ஜன்னல் மஞ்சளாகக் கரைந்து கரைந்து தெரிந்தது. விளக்கை அணைக்காமல் வந்துவிட்டேன். அந்தப் பக்கத்திலிருந்து அந்த வீட்டை நான் பார்த்ததே இல்லை, அண்ணா. யாரோ நன்றாக வாழ்கிற வீடு மாதிரி இருந்தது.

அவரும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். “அந்த வீட்ல இப்ப என்ன நடக்குது?” என்றார், எங்களிடமா தன்னிடமா என்று தெரியாமல்.

சிட்டு நோட்டை மூடினாள். “அங்க இப்ப யாருமே இல்லப்பா. எல்லாரும் இங்கதான் இருக்கோம்” என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சாவியை உருவினார். குடைக்குக்கூடக் காத்திருக்கவில்லை, கதவைத் திறந்துகொண்டு முதலில் இறங்கியது அவர்தான்.

உன் தங்கை